ரெஜிஸ்டர் ஆகும் வரை

செப்டம்பர் 6, 2025, சனி

வாடகைக்கு விட டர்பனில் ஒரு ஃபிளாட். வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாச்சு. பதினொரு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் மூலையில் சின்னக் கையெழுத்து வேறு. ஆறாம் பக்கத்தில் "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்று ஒரு சொல். ஏஜென்ட் அந்த இடத்தை மட்டும் வேகமாகப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பினார். இருக்கிறதை இருக்கிறபடியே எடுத்துக்கொள், பிறகு வந்து அழாதே என்று அர்த்தம். டச்சுக்காரர்கள் விட்டுப்போன சட்டம்.

குளியலறைக் கூரையில் அந்தக் கறை. இலங்கை வரைபடம் மாதிரி. "பழசு மேடம்" என்றார்.

செப்டம்பர் 7

"சாவி எங்கே?" என்று அத்தை கேட்டார். மூன்று மாதம் ஆகும் என்றேன். "அப்போ என்னத்தத்தான் வாங்கின?"

செப்டம்பர் 13, சனி

அரீனா பார்க்கில் பஸ் அண்ணா வீட்டுக் கூட்டம். வாடகைக்கு விட ஃபிளாட் வாங்குவதைப் பற்றிப் பேசும் ஆறு பேர். இரண்டு ஃபிளாட் வைத்திருக்கும் டீச்சர் அக்கா வாயைத் திறந்தால் எல்லோரும் எழுதிக்கொள்கிறோம். ஒரு ஃபிளாட்டைத் தொலைத்த அண்ணா பேசினால் யாரும் எழுதுவதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து படுத்ததும் நினைவுக்கு வருவது அவர் சொன்னதுதான்.

இன்று அவர் சொன்னது: வாடகையைப் பன்னிரண்டால் பெருக்காதே, பத்தால் பெருக்கு. ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், இன்னொரு மாத வாடகை பெயின்ட்டுக்கும் குழாய்க்கும் போகும்.

பெருக்கிப் பார்த்தேன். விலை 620,000 ராண்ட். கையிலிருந்து 62,000, மீதி 558,000 பாண்ட், அதாவது வங்கிக் கடன். வங்கிகளின் அடிப்படை வட்டியான பிரைம் 10.5 சதவீதத்தில் இருபது வருடத்துக்கு மாதம் 5,571. கட்டட சங்கத்துக்கு லெவி 1,850. நகராட்சி வரி, ரேட்ஸ், 780. ஆக 8,201. வாடகை 7,200. பன்னிரண்டால் பெருக்கினால் மாதம் 1,001 துண்டு விழுகிறது. பத்தால் பெருக்கினால் 2,201. கணவரிடம் ஆயிரம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

டிரான்ஸ்ஃபர் டியூட்டி கிடையாது. இந்த ஏப்ரலிலிருந்து 12 லட்சத்து 10 ஆயிரம் ராண்ட் வரை அந்த வரி இல்லை. "பார்த்தியா, சும்மா கிடைக்குது" என்றார் பஸ் அண்ணா. சும்மாவா? பத்திரம் மாற்றும் வக்கீல், பாண்ட் பதியும் வக்கீல், இரண்டு பேருக்கும் சேர்த்து 47,000 கேட்டு மதிப்பீடு வந்திருக்கிறது. பத்திரம் மாற்றும் வக்கீலைப் பிடிப்பது விற்பவர், பணம் கட்டுவது நான். இது என்ன வழக்கமோ.

டீச்சர் அக்கா: கட்டட சங்கத்தின் கடைசி ஆண்டுக் கூட்டக் குறிப்பு, கணக்கு, பத்து வருடப் பராமரிப்புத் திட்டம், சேமநிதியில் எவ்வளவு. நான்கும் கைக்கு வராமல் கையெழுத்துப் போடக் கூடாது.

போட்டு ஒரு வாரம் ஆகிறது என்று நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்தது. கறிச் சட்டிகள் கேரேஜுக்குப் போயாச்சு. அத்தை வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நான் ஏஜென்டுக்கு மூன்றாவது மெயில் போட்டேன்.

செப்டம்பர் 18

ரிசர்வ் வங்கி வட்டியை அப்படியே விட்டுவிட்டது. இதற்காக மத்தியானம் முழுக்கக் கைப்பேசியும் கையுமாக இருந்தேன்.

செப்டம்பர் 22

காகிதங்கள் வந்தன. 24 வீடு, சேமநிதி 41,000 ராண்ட். வீட்டுக்கு 1,710 கூட இல்லை. 2016 அக்டோபரிலிருந்து சேமநிதியும் பத்து வருடத் திட்டமும் சட்டப்படி கட்டாயம். திட்டம் என்று அனுப்பியது ஒரே பக்கம், அதில் "லிஃப்ட்" என்று ஒரு வரி.

கூட்டக் குறிப்பில் ஏழாவது பொருள்: மொட்டைமாடி நீர்க்காப்பு, அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பு. ஒத்திவைப்பு என்றால் பிறகு ஸ்பெஷல் லெவி, எல்லா வீட்டுக்காரர் தலையிலும் ஒரு தனி வசூல். தொலைத்த அண்ணாவை முழுங்கியதும் அதுதான்.

என் வீடு மூன்றாவது மாடி. மேலே ஒரு வீடு, அதற்கு மேல் மொட்டைமாடி. கறை மொட்டைமாடியிலிருந்து இறங்குகிறதா, மேல் வீட்டிலிருந்தா?

செப்டம்பர் 24, புதன்

விடுமுறை. பாரம்பரிய தினம். தெரு முழுக்க இறைச்சி சுடும் புகை. நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாம்பார்.

செப்டம்பர் 26

பாண்ட் கிடைத்தது. பிரைம் வட்டியிலேயே. அழுகை வந்தது, எதற்கென்று தெரியவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

62,000. மாமா நகராட்சியில் உழைத்து வாங்கிய ஓய்வுப் பணத்தில் அத்தை தொடாமல் வைத்திருந்தது.

காலை பத்து மணிக்கு வக்கீல் அலுவலகத்திலிருந்து மெயில், வங்கி விவரத்தோடு. பதினொன்றரைக்கு இன்னொன்று: "தணிக்கை காரணமாகக் கணக்கு எண் மாறியுள்ளது." அதே முத்திரை, அதே பெண்ணின் பெயர். முகவரியில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல். அதுவும் நான் கண்டுபிடித்ததல்ல. டீச்சர் அக்கா முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்: மெயிலில் வரும் எண்ணுக்கு அடிக்காதே, ஒப்பந்தத்தில் இருக்கும் எண்ணுக்கு அடித்துக் கேள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஒருவர் இப்படி 55 லட்சம் ராண்டை மோசடிக்காரன் கணக்கில் போட்டு, வழக்கு உச்ச முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2024இல் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது.

அடித்தேன். "நாங்கள் எதையும் மாற்றவில்லை" என்றாள் அந்தப் பெண். அதன் பிறகு அரை மணி நேரம் கை நடுக்கம் நிற்கவில்லை.

பணம் கட்டியதும் இன்னொரு கடிதம் கொடுத்தேன். வட்டி வரும் தனிக் கணக்கில் போட்டு, வட்டி எனக்கே வரவேண்டும் என்று. எழுத்தில் கேட்காவிட்டால் அந்த வட்டி நமக்கு வராது. இதையும் ஏஜென்ட் சொல்லவில்லை.

அக்டோபர் 4, சனி

வாடகைக்கு இருப்பவர்களைப் பார்க்கப் போனேன். ஏஜென்டுக்குச் சொல்லாமல்.

கதவைத் திறந்தது ஒரு பாட்டி. "சாவுபோனா, கோகோ" என்றேன், வணக்கம் பாட்டி என்று. என் சூலு அத்தோடு தீர்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்துக்கு வந்தார். மகள் நர்ஸ், இரவு வேலை முடித்து உள்ளே தூங்குகிறாள். பேரனுக்குப் பதினான்கு வயது இருக்கும். ஜன்னலோரம் தையல் மெஷின், அதன்மேல் பாதி தைத்த பள்ளிச் சட்டை.

நான் யார் என்று சொன்னதும் முகம் மாறியது. உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே "எப்போது காலி செய்யணும்?" என்றார். அதைப் பேச வரவில்லை, குளியலறையைப் பார்க்க வந்தேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டார்.

பையன் தொட்டி விளிம்பில் ஏறி டார்ச் அடித்தான். ஏஜென்ட் காட்டியபோது மேலே ஒரு கை வெள்ளை அடித்திருந்தது போல. இப்போது அது உரிந்து அடியில் பென்சில் கோடுகள் தெரிந்தன. கறையைச் சுற்றிக் கோடு, அதற்கு வெளியே இன்னொன்று, மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் மாதிரி. ஒவ்வொன்றிலும் தேதி. 2022 ஜூன். 2023 ஜூலை. 2024 ஜூன். 2025 ஜூலை. பெரியதாகும் போதெல்லாம் பேரனைவிட்டு வரையச் சொல்வாராம். வீட்டுக்காரருக்குப் படமும் அனுப்பியிருக்கிறார், நான்கு முறை.

"தேதியைப் பார்" என்றார்.

பார்த்தேன், புரியவில்லை. டர்பனில் ஜூன், ஜூலையில் மழை ஏது? 2022 ஏப்ரலில் உம்பிலோ ஆறு ஊருக்குள் புகுந்ததே, அந்த வாரம் இந்தக் கறை ஒரு விரல்கூட நகரவில்லையாம். "மழை இல்லை. மேல்வீட்டு கீசர். குளிர் வந்தால் அவன் சூட்டை ஏற்றுவான், குழாய் வழியும்."

ஏஜென்ட் எட்டு மாதமாக விற்கும் வீடு. கட்டட சங்கம் ஒரு பக்கத் திட்டம் போட்ட கட்டடம். கடைசியில் விஷயம் தெரிந்தவர் இவர்.

அதன் பிறகுதான் தேநீர் கொடுத்தார். வாடகை ஒப்பந்தம் அடுத்த ஜூன் வரை என்றார். முன்பணம் 7,200 கொடுத்திருக்கிறார்கள், ரசீது இருக்கிறது.

அக்டோபர் 5

தூக்கமில்லை. ஒப்பந்தத்தோடு இணைத்த வெளிப்படுத்தல் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 2022 பிப்ரவரியிலிருந்து அது கட்டாயம். "கசிவு, ஈரம்?" என்ற கேள்விக்கு விற்பவர் "இல்லை" என்று குறி போட்டிருக்கிறார். நான்கு படம் கையில் வாங்கிய மனிதர்.

அக்டோபர் 6

இலங்கை கனவில் வந்தது.

அக்டோபர் 11, சனி

கூட்டத்தில் படத்தைக் காட்டினேன். டீச்சர் அக்கா மேஜையைத் தட்டினார். தெரிந்தே மறைத்தவனுக்கு ஃபூட்ஸ்டூட்ஸ் குடை பிடிக்காது என்றார். வக்கீலுக்கு எழுது, கீசர் சரியாகும் வரை ஒரு தொகையைப் பிடித்து வைக்கச் சொல். வாடகைக்காரர் முன்பணமும் உன் பெயருக்கு வரணும், அதையும் அதே கடிதத்தில் எழுது. ரெஜிஸ்டர் ஆனதும் அவர்களோடு சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, இருப்பதை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு அவர்கள் போகும்போது நீ சேர்ந்து பார்க்கவில்லை என்றால், வீடு நன்றாகத்தான் இருந்தது என்று நீயே ஒப்புக்கொண்ட மாதிரி.

பஸ் அண்ணாவுக்கு வேறு கணக்கு. "காலியா வாங்குமா. பெயின்ட் அடிச்சு 8,500க்கு விடு."

முடியாது. விற்றாலும் வாடகை ஒப்பந்தம் வீட்டோடு வரும், அதுவும் டச்சுச் சட்டம்தான். ஜூனுக்குப் பிறகும் போகமாட்டேன் என்றால் நீதிமன்ற உத்தரவு வேண்டும், 1998 சட்டம்.

தொலைத்த அண்ணா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடியே கேட்டார்: "மாசம் ஒண்ணாந்தேதி வாடகை கட்டுற ஆளை அனுப்பிட்டு, அப்புறம் ஆள் தேவைன்னு விளம்பரம் போடுவியா?"

யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நான் எழுதிக்கொண்டேன்.

ராத்திரி அத்தையிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மேகசின் பாரக்ஸ் பற்றி, சின்ன வயதில் இருந்த நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பைப் பற்றி, ஆரம்பித்தார், இருபதாவது முறை, ஆனால் இந்த முறை வேறு இடத்திலிருந்து. அங்கிருந்து காலி பண்ண லாரி வந்த காலை. பன்னிரண்டு வயசு. அவர் ஆயா அம்மியைத் தலையில் வைத்துக்கொண்டு இறக்கமாட்டேன் என்று நின்றது. சாட்ஸ்வர்த் வீட்டுச் சாவியைக் கொடுத்தவன் பெயரைக்கூடக் கேட்காமல் நம்பரை மட்டும் படித்தது. வெளிக்கதவு இருந்ததாம், உள்ளே எந்த அறைக்கும் கதவு கிடையாதாம்.

பிறகு, "அந்தம்மா மெஷினை வெளிச்சத்துல போட்டிருக்கா?" என்றார்.

ஜன்னலோரம்தான் என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் உடைந்தது. வக்கீல் மெயில்: விற்பவர் 12,000 பிடித்தம் செய்ய ஒப்புக்கொண்டார்.

அக்டோபர் 21

ஏஜென்ட் அழைத்தார், கோபமாக. வாடகைக்காரரை நேரில் பார்த்திருக்கக் கூடாதாம்.

அக்டோபர் 30

நகராட்சி கணக்கு வரவில்லை. ரேட்ஸ் பாக்கி இல்லை என்ற சான்றிதழ் இல்லாமல் மாரிட்ஸ்பர்க் பத்திர அலுவலகம் கோப்பைத் தொடாது. மின்சாரச் சான்றிதழ் வந்துவிட்டது. வண்டுச் சான்றிதழும் வந்துவிட்டது! கான்கிரீட் கட்டடத்தில் மூன்றாவது மாடியில், மரம் துளைக்கும் வண்டு இல்லையாம். கடலோரத்து வழக்கம். கதவு நிலைகளைத் தட்டிப் பார்க்க ஒருவர் காசு வாங்கியிருக்கிறார். கூரையைத் தட்டிப் பார்க்க யாருமில்லை.

நவம்பர் 6

மேல்வீட்டு கீசர் குழாயை மாற்றிவிட்டார்கள். கோகோவின் பேரன் படம் அனுப்பினான். பழைய குழாய், வளைவில் பச்சையாகப் பாசி.

நவம்பர் 7

கீசர்தான் என்றால் சரி. ஆனால் ஏழாவது பொருள்? மொட்டைமாடியும் ஒழுகினால்? 24 வீட்டால் வகுத்துப் பார்த்தேன். எதை வகுப்பது என்றே தெரியாமல் வகுத்தேன்.

நவம்பர் 14

நகராட்சிச் சான்றிதழ் வந்தது.

நவம்பர் 18

லாட்ஜ் ஆயிடுச்சு! என் பத்திரம், என் பாண்ட், விற்பவரின் பழைய பாண்ட் ரத்து, மூன்று வக்கீல்களின் காகிதமும் ஒரே நாளில் பத்திர அலுவலகத்துக்குள் போயிருக்கிறது. ஒன்றில் எழுத்துப்பிழை இருந்தாலும் மூன்றும் திரும்பும். ஏழிலிருந்து பத்து வேலை நாள். அத்தை கேட்டார், "சாவி?"

நவம்பர் 20, வியாழன்

வட்டி கால் சதவீதம் இறங்கியது. பிரைம் 10.25. மாதம் 93 ராண்ட் மிச்சம். பஸ் அண்ணா வாழ்த்து அனுப்பினார், பூங்கொத்துப் படத்தோடு. பழைய தவணையையே கட்டிக்கொண்டு போ, அந்த 93 அசலில் கழியட்டும் என்கிறார் டீச்சர் அக்கா. 93 ராண்டுக்கு மூன்று பேர் முக்கால் மணி நேரம் பேசினோம்.

நவம்பர் 25

ஒன்றுமில்லை.

நவம்பர் 26

ஒன்றுமில்லை. கணவரிடம் 2,201 பற்றிச் சொன்னேன். "தெரியும். கணக்குத் தாளை ஃப்ரிட்ஜ் மேலதானே வச்சிருந்த" என்றார்.

நவம்பர் 27

பிரெப்புக்கு, பதிவுக்கு முந்தின கடைசிப் படிக்கு, வந்துவிட்டது என்று சாயங்காலம் சொன்னார்கள். நாளைக்கோ திங்களோ.

நவம்பர் 28, வெள்ளி

விடியற்காலை மூன்று மணியிலிருந்து கொட்டுகிறது. அத்தையும் எழுந்துவிட்டார். இரண்டு பேரும் விளக்குப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம்.

6.40க்குப் பேரனிடமிருந்து படம். டார்ச் வெளிச்சம், கூரை, நான்கு வளையம். கறை கடைசிக் கோட்டுக்குள்ளேயே நிற்கிறது, இதுவரை. கீழே அவன் எழுதியிருந்தான்: கோகோ ஐந்தாவது கோட்டுக்குப் பென்சில் சீவி வைத்திருக்கிறார்.

மழை விடவில்லை. வக்கீல் அலுவலகம் எட்டரைக்குத்தான் திறக்கும்.