ஆத்தங்குடிக் கல்லும் சுருள்வில் தராசும்

எட்டாம் வகுப்புக்கு உராய்வு விசையை நடத்தும்போதெல்லாம், காரைக்குடியிலுள்ள எங்கள் பழைய வீட்டில் தளம் போட்டபின் மிஞ்சிய ஓர் ஆத்தங்குடிக் கல்லையும், ஒரு மரக்கட்டையையும், 10 நியூட்டன் வரை காட்டும் சுருள்வில் தராசையும் வகுப்புக்கு எடுத்துச் செல்வேன். கட்டையைக் கொக்கியில் மாட்டி மெல்ல இழுத்தால், முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கட்டை நகரத் தொடங்கிய நொடியில் சட்டென்று சற்றே இறங்கி நிற்கும். நிலை உராய்வு இயக்க உராய்வைவிட மிகுதி என்பதைக் கரும்பலகையில் இவ்வளவு தெளிவாகக் காட்ட இயலாது. வழவழப்பான கல்லின்மேல் உப்புத்தாளை ஒட்டினால் அளவு கூடும்.

தராசைத் தொங்கவிடும்போது கொக்கியின் எடையே வில்லை இழுப்பதால், கிடைமட்டமாகப் பிடித்த பிறகுதான் முள்ளைச் சுழியத்தில் நிறுத்த வேண்டும். ஒருமுறை நான் இதை மறந்ததால், அன்றைய அளவீடுகள் அனைத்தையும் மாணவர்கள் மறுநாள் திரும்ப எடுக்க நேர்ந்தது.