கரிமூட்டத்துக்குப் போகாத கருவை

மாசி மாத வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று காரைக்குடியில் காலையிலேயே பஸ் பிடித்தேன். கானாடுகாத்தான் பதினைந்து கிலோமீட்டர்தான். வழி நெடுக ஒரே மரம். கண்மாய்க்குள் சீமைக்கருவை, தரிசில் சீமைக்கருவை, ஆள் இல்லாத வீட்டின் இடிந்த மதிலுக்குள்ளும் அதுவே. என் அம்மா ஊரில் இதை வேலிக்காத்தான் என்பார்கள். வேலியைக் காக்க வந்தது வயலையே எடுத்துக்கொண்டது.

நண்பனின் பெரியம்மா வீட்டில் ஒரு ஜன்னல் நிலையைக் கரையான் தின்றுவிட்டது, ஆசாரி அதைச் சீமைக்கருவையில் செய்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் கிளம்பினேன். விறகாகவும் கரியாகவும் பார்த்துப் பழகிய மரம் செட்டிநாட்டு வீட்டுக்குள் நிலையாகப் போகிறது என்றால் நேரில் பார்க்காமல் எப்படி?

அந்தப் பெரியம்மாவை எல்லாரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆச்சி முகப்பிலிருந்து வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்கு, கூட்டிப்போய்த் தூண்களைத் தொட்டுக் காட்டினார். "எல்லாம் ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வந்த தேக்கு தம்பி. இனிமே இதுக்கு எங்க போறது?" காலடியில் ஆத்தங்குடிக் கல். சூளையில் வேகாமல், கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறியே இறுகும் கல் அது. ஆனால் சுவரின் செங்கல் சூளையில் வெந்துதான் வர வேண்டும். இந்தப் பக்கத்துச் சூளைகளில் எரிவது பெரும்பாலும் கருவை விறகுதான். ஆக, இந்த மரம் கட்டடத்துக்கு எப்போதோ வந்துவிட்டது, நெருப்பாக மட்டும்.

ஆசாரி இரண்டாம் கட்டில் வேலையாக இருந்தார். தொடை அளவுக் கட்டை ஒன்றை அறுத்து வைத்திருந்தார். வெட்டுமுகத்தில் ஓரமாக மஞ்சள் வளையம், உள்ளே செம்பழுப்பில் வைரம், மரத்தின் கெட்டியான நடுப்பகுதி. மஞ்சளை விரலால் தடவிக் காட்டி, "இதை விட்டு வச்சா வண்டு விழுந்துரும். வைரத்தை மட்டும்தான் எடுக்கணும். பாதி மரம் கழிவாத்தான் போகும்" என்றார். இழைப்புளியை ஓட்டினார். தேக்கைப் போல நீளச் சுருளாக வரவில்லை, பொடிப்பொடியாகத்தான் உதிர்ந்தது. நாலு தள்ளு தள்ளியதும் நிறுத்தி உளியைக் கழற்றித் தீட்டினார். அவ்வளவு கெட்டி. ஆனால் இழைத்த முகம் எண்ணெய் தடவியது போல மின்னியது. கையை எடுக்கவே மனசு வரவில்லை.

"மழைக்கு ஊதாதா அண்ணே?"

"அதுலதான் இது கெட்டிக்காரன். காஞ்சுட்டா அசையாது. ஆனா மூணடிக்கு மேல நேரா ஒரு சட்டம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. உத்தரத்துக்கெல்லாம் கேக்காதீக."

அவர் சொன்னது சரிதான். அமெரிக்காவின் டெக்சஸில் மெஸ்கீட் என்றும் அர்ஜென்டினாவில் அல்கரோபோ என்றும் சொல்லும் மரங்கள் இதன் பங்காளிகள். அங்கே அவற்றில் தரை போடுகிறார்கள், மேசை நாற்காலி செய்கிறார்கள். காயும்போது குறைவாகவும் எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவிலும் சுருங்குவதால் பலகை முறுக்கிக்கொள்வதில்லை. குட்டைக் கட்டையாகவே கிடைத்தாலும் ஜன்னல் சட்டம், படிக்கட்டுப் பலகை, தரைக்குப் பதிக்கும் கட்டை என்று எவ்வளவோ செய்யலாம். 1877 வாக்கில் ஜமைக்கா விதை கடப்பா பக்கம் வந்து விழுந்தது என்பார்கள். இத்தனை காலமாக நாம் எரிக்க மட்டுமே கற்றுக்கொண்டிருக்கிறோம்.

மதியம் ஆத்தங்குடி போகிற வழியில் ஒரு கரிமூட்டம். மண் பூசிய மேட்டின் ஓட்டைகளில் புகை கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அடுத்த மூட்டத்துக்கான விறகு அடுக்கியிருந்தது. கிட்டே போனபோது செருப்பைத் துளைத்து முள் ஏறியது. மாலை வரை கடுத்தது. அடுக்கில் சுள்ளிகளோடு தொடைக்கனக் கட்டைகளும் கிடந்தன, ஆசாரி தேடி அலைகிற அதே வைரக் கட்டைகள். ஒரு டன் கரிக்கு நாலு டன் விறகாவது வேண்டும் என்றார் மூட்டக்காரர். கரி அவருடைய பிழைப்பு, அதில் கைவைக்க வேண்டாம். சுள்ளி மூட்டத்துக்கு, அடிக்கட்டை பட்டறைக்கு என்று பிரித்து, கட்டைக்குக் கரியைவிடக் கூட விலை கொடுத்தால் அவரே எடுத்து வைப்பார்.

ஒரு பயமும் இருக்கிறது. மரத்துக்கு நல்ல விலை வந்தால் வேண்டுமென்றே வளர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவையை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக ஜேசிபி ஓடியது. மேலோடு வெட்டிவிட்ட இடங்களிலெல்லாம் மறுபடி தழைத்துவிட்டது. தூரோடு தோண்டி எடுத்தால்தான் சாகும், அதற்குத்தான் செலவு அதிகம். அந்தச் செலவைக் கட்டை விற்ற காசு தாங்கட்டும், தோண்டிய குழியில் கருவேலமோ வேம்போ வரட்டும். கர்நாடகத்து மாதேஸ்வரன் மலையில், அதே மாதிரி பரவிவிட்ட உண்ணிச்செடியில் சோலிகப் பழங்குடியினர் நாற்காலி பின்னுவதும் இந்த வழிதான். அழிய வேண்டிய செடி, அழிகிற வரைக்கும் சோறு போடுகிறது.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அடிச்சட்டம் நிலையில் ஏறியிருந்தது. நூறு வருஷத் தேக்குக்குப் பக்கத்தில் நிறம் கொஞ்சம் சிவப்பாகத் தெரிந்தது. ஆச்சி குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும், நம்ம ஊர் மரமாயிருச்சு" என்றார். கிளம்பும்போது ஆசாரி பின்கட்டுத் தொட்டியைக் காட்டினார். சாறு இறங்கட்டும் என்று ஆறு கட்டைகளை ஊறப் போட்டிருந்தார். ஊருணியில் போடலாமே என்று கேட்டுவிட்டேன். "அது குடிக்கிற தண்ணி தம்பி" என்று தலையாட்டினார்.

ஐப்பசியில் வெளியே எடுப்பாராம். பின்கட்டில் இன்னும் இரண்டு ஜன்னல் பாக்கி. அப்போது வருகிறேன் என்று ஆச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.