ரிசல்ட் வரட்டும்

ஜூன் 3
இன்றும் அப்படியேதான். உறவு தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 5
இத்தனை வருஷமாக இல்லாதது பொங்கலுக்கு அப்புறம் எங்கிருந்து வந்தது?

ஜூன் 8
இவர் சட்டைப் பையில் ஒரு நோட்டீஸ். செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்ட் எதிர் லாட்ஜுக்கு வைத்தியர் வருகிறாராம். இளவயதுப் பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சி, விந்து முந்துதல், எல்லாவற்றுக்கும் ஒரே லேகியம். ஆத்திரமாக வந்தது. பதினைந்து வயதில் செய்ததற்கு நாற்பதில் தண்டனை என்று நம்பவைத்தே காசு பார்க்கிறார்கள். சுய இன்பத்தால் நரம்பு தளராது.

ஜூன் 9
தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நாட்டுத் தம்பதிகளிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்து, உறவு தொடங்கி விந்து வரும் வரை எவ்வளவு நேரம் என்று அளந்து 2005இல் வெளியிட்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு 5.4 நிமிடத்துக்குள்ளேயே முடிந்திருக்கிறது. எப்போதாவது சீக்கிரம் முடிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் நீடித்து, அடக்கவும் முடியாமல், மனசையும் அரித்தால் டாக்டரிடம் போய்விட வேண்டும். முதலிலிருந்தே ஒரு நிமிடத்தில் முடிகிறவர்கள் ஒரு வகை. நன்றாக இருந்துவிட்டு நடுவில் இப்படி ஆவது வேறு. அதற்குப் பின்னால் விறைப்புக் குறைவோ புராஸ்டேட் அழற்சியோ தைராய்டோ இருக்கலாம்.

காபி டம்ளர் பிடிக்கும்போது இவர் விரல் நடுங்குகிறதே.

ஜூன் 10
லாட்ஜுக்குப் போகவில்லை. பேசினோம். "என்னைப் பிடிக்காமப் போயிடுமா உனக்கு?" என்றார். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூன் 13
யூராலஜி டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். எடை குறைந்ததா, படபடப்பு உண்டா என்று கேட்டார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டதை நான்தான் சொன்னேன். இவரைக் கையை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் ஆடிக்கொண்டே இருந்தது. விந்து முந்துவதைத் தள்ளிப்போடும் டாபாக்ஸிடின் மாத்திரை, மரத்துப்போகச் செய்யும் கிரீம், நிறுத்தி நிறுத்திச் செய்யும் பயிற்சி எல்லாம் உண்டு, ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு அப்புறம்தான் என்றார்.

ஜூன் 14
ரிசல்ட் வரவில்லை.

ஜூன் 16
டிஎஸ்எச், அதாவது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், 0.01. குறைந்தது 0.4 ஆவது இருக்க வேண்டுமாம். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது, அதனால்தான் இது இறங்கியிருக்கிறது. அது அடங்கினால் இதுவும் பெரும்பாலும் சரியாகிவிடும், சில மாதம் பிடிக்கும் என்றார் டாக்டர். "நரம்புத் தளர்ச்சி இல்லதானே?" என்று ஆட்டோவில் இவர் கேட்டுக்கொண்டே வந்தார். இல்லை, இல்லை, இல்லை.

ஜூன் 20
இரவு நன்றாகத் தூங்கினார். நானும்.

ஜூன் 24
தைராய்டுச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர், வெள்ளணு குறைந்துவிடலாமாம். காலையிலிருந்து எச்சில் விழுங்கினால் வலிக்கிறது என்கிறார் இவர். உடம்பும் சுடுகிறது. ரத்தம் கொடுக்கக் கிளம்புகிறோம்.