ஐந்து வாட், இருபது மீட்டர் கம்பி, ஒரு தேர்வு

நான் படித்தது பி.காம். ஓம் விதி என்று பள்ளியில் ஏதோ சொல்லிக்கொடுத்தார்கள் என்பது மட்டும் நினைவில் இருந்தது. 42 வயதில் ஹாம் வானொலித் தேர்வு (பொழுதுபோக்காக வானொலியில் பேச அரசு தரும் உரிமத்துக்கான தேர்வு) எழுதப்போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். "எழுதுங்களேன், யார் வேண்டாம் என்றது?" என்று மனைவி சொல்லிவிட்டதால் பின்வாங்க வழியில்லாமல் போயிற்று.

புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த செட் வாங்கலாம்?" என்பதைத்தான். எதையும் வாங்காதீர்கள் என்பதே என் பதில். உரிமம் இல்லாமல் ஒலிபரப்பும் கருவியை வைத்திருப்பதே நம் நாட்டில் சட்டப்படி தவறு. தேர்வு, முடிவு, உரிமம் என்று நாள் ஓடும். என் விஷயத்தில் கூடுதலாகச் சில வாரங்கள் ஓடின. முகவரிச் சான்றின் நகலை யாராலும் படிக்க முடியாத அளவுக்கு மங்கலாக எடுத்து அனுப்பியிருந்தேன். அந்தக் காத்திருப்புக் காலத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கேட்பது. அதற்கு உரிமம் வேண்டாம். எனக்குத் தேர்வுப் புத்தகம் புரிந்ததே கேட்கத் தொடங்கிய பிறகுதான்.

அப்பா இலங்கை வானொலி கேட்ட பழைய சிற்றலை ரேடியோ பரணில் இருந்தது. டயலில் 41 (மீட்டரில் அலைநீளம்) என்று எழுதியிருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, 7 மெகாஹெர்ட்ஸ் ஓரத்தில், காலை ஏழு மணிவாக்கில் முள்ளை நகர்த்தினால் வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். அதுதான் ஹாம்களின் பேச்சு. அவர்கள் எஸ்.எஸ்.பி. என்ற முறையில் பேசுகிறார்கள். குரலைச் சுமந்துவரும் ஊர்தி அலையையும், அதன் இருபுறமும் ஒரே குரலைத் தாங்கும் பக்கப் பட்டைகளில் ஒன்றையும் நீக்கிவிட்டு, மிச்சமிருக்கும் பட்டையை மட்டும் அனுப்பும் முறை அது. நீக்கிய அந்த ஊர்தி அலையை நம் பக்கத்தில் திரும்பச் சேர்த்தால்தான் வாத்து மனிதனாகும். சாதாரண ரேடியோவில் அதற்கு வசதி கிடையாது.

ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. இன்னொரு சிற்றலை ரேடியோவை எடுத்து முதல் ரேடியோவை ஒட்டி வையுங்கள். அதன் ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, முள்ளை 49க்கும் 41க்கும் நடுவே மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் முதல் ரேடியோவில் விசில் போல ஒரு ஒலி எழுந்து, தாழ்ந்து, மறையும். அந்த இடத்தில் மயிரிழை அளவுக்குத் திருப்பினால் வாத்துக் கத்தல் சட்டென்று மலையாள வாடையடிக்கும் ஆங்கிலமாக மாறி, "இங்கே மழை பிடித்துக்கொண்டது" என்று யாரோ சொல்வது கேட்கும். எனக்கு அப்படித்தான் கேட்டது. இரண்டு நிமிடத்தில் ரேடியோ சூடேறி அலைவரிசை நகர, மறுபடியும் வாத்து.

ஏன் இப்படி நடக்கிறது என்பதுதான் தேர்வின் சூப்பர்ஹெட்டரோடைன் பாடம்: வரும் அலையை ரேடியோ தானே உண்டாக்கும் அலையோடு கலந்து, ஒரு நிலையான இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றும் முறை. ஒவ்வொரு ரேடியோவுக்குள்ளும் ஒரு சிறு அலையாக்கி இருக்கிறது. பழைய செட்டுகளில் அது, நாம் வைத்திருக்கும் இடத்துக்கு 455 கிலோஹெர்ட்ஸ் மேலே ஓடும். இரண்டாவது ரேடியோவை 6.645 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் அதன் அலையாக்கி 7.1ல் ஓடும். அங்கிருந்து கசியும் துளி அலைதான் காணாமல்போன ஊர்தி அலையின் இடத்தை நிரப்புகிறது. இடைநிலை அதிர்வெண், பிம்ப அதிர்வெண் என்று புத்தகத்தில் நான்கு பக்கம் மனப்பாடம் செய்தும் நிற்காதது, இரண்டு ரேடியோவைப் பக்கத்தில் வைத்த ஒரு காலையில் நின்றுவிட்டது. 7.1ஐக் கேட்கும்போது 8.01ல் இருக்கும் நிலையம் ஏன் உள்ளே புகுகிறது என்று தேர்வில் கேட்டால் இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வேன்: அலையாக்கி ஓடும் 7.555க்கு இரண்டுமே 455 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கின்றன; அந்த 8.01தான் பிம்பம்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். நான் எழுதிய காலத்து நடைமுறை இது: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள். முதல் நிலையில் தேறியவர்களுக்கு வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி, இரண்டாவதுக்கு வி.யு.2. ஜெனரலுக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும்; ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் வேண்டாம். விண்ணப்பம் இப்போது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளம் வழியாகப் போகிறது. விண்ணப்பிக்கும் நாளில் அங்கே இருக்கும் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் சென்னை பெருங்குடியில் உள்ள கண்காணிப்பு நிலையத்தில் எழுதினேன்.

வினாத்தாள் இரண்டு பகுதி: வானொலிக் கோட்பாடு, விதிமுறைகள். இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். மின்னணுவியல் படித்தவர்கள் கோட்பாட்டில் பிரமாதமாக எழுதிவிட்டு விதிமுறைகளில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். "அதை ஒரு ராத்திரியில் படித்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவார்கள். எனக்கு நேர்மாறு. வரிச் சட்டம் படித்தவனுக்கு விதி என்றால் பயமில்லை. வணிகச் செய்தி அனுப்பக்கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக்கூடாது, ஆபத்துக்கால அழைப்பு வந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், பேசியதைப் பதிவேட்டில் எழுத வேண்டும்: இவற்றைக் காலையில் கேட்கும் உரையாடல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கியூவில் தொடங்கும் சுருக்கக்குறிகளையும் அப்படித்தான் பிடித்தேன். கியூ.ஆர்.எம். என்றால் பிற நிலையங்களின் குறுக்கீடு, கியூ.ஆர்.என். என்றால் இயற்கை இரைச்சல், கியூ.எஸ்.பி. என்றால் ஒலி ஏறி இறங்குவது. பட்டியலாகப் படித்தால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும், "இங்கே இடி மின்னல், கியூ.ஆர்.என். அதிகம்" என்று ஒருவர் அலுத்துக்கொள்வதைக் கேட்டால் மறக்காது.

மோர்ஸ் எனக்கு இரண்டாம் ஆண்டுக் கதை. அதில் செய்த ஒரே தவறை மட்டும் சொல்கிறேன். புள்ளியும் கோடும் அச்சிட்ட அட்டையைச் சுவரில் ஒட்டிப் படித்தேன். கண்ணால் படித்தது காதுக்கு ஏறவே இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் மனத்துக்குள் அட்டையைத் தேடிப் போக வேண்டியிருந்தது. தவில் சொற்கட்டைப் பிள்ளைகள் வாயால் சொல்லிப் பழகுவதுபோல, 'டா டா டி டா' என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகிய பிறகுதான் வழிக்கு வந்தது. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

உரிமம் கைக்கு வந்ததும் மூத்த ஹாம் ஒருவரிடமிருந்து, பேசவும் கேட்கவும் உதவும் பிட்எக்ஸ் என்ற சுற்றுப்பலகை ஒன்றை வாங்கினேன். ஐதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் 2003ல் வடிவமைத்த சுற்றின் வழிவந்தது அது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே கட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். முதல் வடிவத்தில் சுருள் சுற்றத் தண்ணீர்க் குழாய் வாஷரைப் பயன்படுத்தச் சொன்னவர். நான் வாங்கியது 40 மீட்டர் பாண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் ஓரத்து அலைவரிசைகளுக்கு) மட்டுமான, பாகங்கள் ஏற்கெனவே பொருத்திய பலகை. அதைப் பார்த்தபோது பழைய நண்பனைச் சந்தித்ததுபோல இருந்தது. இங்கேயும் அதே சூப்பர்ஹெட்டரோடைன்தான். பழைய ரேடியோ கழித்தது, இது கூட்டுகிறது: 7.1ஓடு அலையாக்கியின் 4.9ஐக் கூட்டினால் 12 மெகாஹெர்ட்ஸ் படிக வடிகட்டிக்குள் போகிறது. பிம்பம் 16.9ல், எங்கோ தொலைவில். நிறையப் பணம் இருப்பவர்கள் யேசு (Yaesu), ஐகாம் போன்ற நிறுவனங்களின் சிறிய கருவிகளுக்குப் போகலாம்; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேர்வுக்குப் படித்த ஒவ்வொரு பாகத்தையும் விரலால் தொட்டுக் காட்ட முடிகிற பலகையில் தொடங்குவது வேறு சுகம்.

தொட்டுக் காட்டுவதில் ஆபத்தும் உண்டு. பலகையை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பொருத்தினேன். இறுதிநிலை டிரான்சிஸ்டரான ஐ.ஆர்.எஃப்.510ன் உலோக முதுகு, அதன் டிரெயின் முனையோடு இணைந்தது. முதுகில் திருகிய வெப்பத்தகடும் 12 வோல்ட்டில்தான் இருக்கும். டப்பா மூடியை அழுத்தி மூடினேன். மூடி தகட்டைத் தொட்டது. 'டப்' என்று ஒரு சத்தம். நேர்மின் கம்பியில் இரண்டு ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்ததால் ஐந்து ரூபாயோடு போயிற்று. டிரெயின் எது, கேட் எது என்ற கேள்விக்குத் தேர்வில் சரியாகத்தான் விடை எழுதியிருந்தேன்.

ஆன்டெனா இல்லாமல் ஒருபோதும் பேச்சுப் பொத்தானை அழுத்தாதீர்கள். சோதிப்பதற்கு, ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் ஒரு போலிச் சுமை செய்துகொள்ளலாம்: அரை வாட், ஆயிரம் ஓம் கார்பன் ரெசிஸ்டர் இருபதைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 50 ஓம், பத்து வாட் தாங்கும். பக்க இணைப்புக் கணக்கு வினாத்தாளிலும் வரும்.

ஆன்டெனாவுக்குப் புத்தகச் சூத்திரம் 143ஐ அதிர்வெண்ணால் வகுப்பது. 7.1க்கு 20.14 மீட்டர், பக்கத்துக்குப் பத்து மீட்டர். வீட்டு ஒயரிங் கம்பியை அப்படியே அளந்து, நடுவை மொட்டை மாடியில் நட்ட மூங்கிலின் உச்சியிலும், இரு முனைகளை முருங்கை மரத்திலும் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் கட்டினேன். ஆன்டெனாவுக்குப் போன சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டரில் எதிரொளிப்பு அதிகமாக இருந்தது. காரணம் எளியது: சூத்திரம் வெற்றுக் கம்பிக்கானது. பிளாஸ்டிக் உறையுள்ள கம்பியில் அலை சற்று மெதுவாக ஓடுவதால் நீளம் இன்னும் குறைய வேண்டும். பத்துப் பத்து சென்டிமீட்டராக இருபுறமும் சமமாக மடக்கிக்கொண்டே வந்து, மொத்தம் பத்தொன்பதரை மீட்டரில் நின்றது. வெட்டாதீர்கள், மடக்கிக் கட்டுங்கள். வெட்டிய கம்பி வளராது.

ஐந்து வாட் போதுமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். கியூ.ஆர்.பி. என்ற குறியைக் கேள்வியாக அனுப்பினால் 'என் சக்தியைக் குறைக்கவா?' என்று பொருள். மோர்ஸில் 5 வாட்டும் பேச்சில் உச்சமாக 10 வாட்டும் கியூ.ஆர்.பி. எல்லை என்பது வழக்கம். 100 வாட்டிலிருந்து 5க்கு இறங்குவது இருபதில் ஒரு பங்காகக் குறைவது, டெசிபெல்லில் 13. வரும் அலையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரின் ஒரு படி 6 டெசிபெல். ஆக, எதிர்முனையில் இரண்டு படிக்குச் சற்று மேல் இறங்குகிறது, அவ்வளவுதான். கணக்கு இப்படி ஆறுதல் சொன்னாலும் முதல் பத்து நாள் யாருக்கும் நான் கேட்கவில்லை. எனக்கும் பாதிப் பேர் கேட்கவில்லை. எல்.இ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டு மொபைல் சார்ஜர் எல்லாம் சேர்ந்து பாண்டு முழுக்க எண்ணெய்ச் சட்டிபோலப் பொரிந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு நாள் நாளிதழில் வழக்கமான அறிவிப்பு வந்தது: மாதாந்திரப் பராமரிப்புப் பணி, எங்கள் பகுதியில் காலை 9 மணி முதல் மின்தடை. அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொன்னேன். யூ.பி.எஸ். பெட்டியிலிருந்து கழற்றிய 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியுடன் மாடிப்படி அறையில் உட்கார்ந்தேன். ஒன்பது அடித்து இரண்டு நிமிடத்தில் மின்விசிறி நின்றது. ஸ்பீக்கரில் அந்தப் பொரிச்சல் கழுவிவிட்டதுபோலக் காணாமல் போயிற்று. அடியில் புதைந்திருந்த குரல்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

பெங்களூரிலிருந்து ஒரு முதியவர் பேசி முடித்து "வேறு யாராவது?" என்றார். அழைப்புக்குறியைச் சொன்னேன். "கடைசி எழுத்து யாங்கி என்று கேட்டது. முன்னால் உள்ளதை மறுபடி சொல்லுங்கள்." யாங்கி என்பது ஆங்கில ஒய் எழுத்தை வானொலியில் சொல்லும் விதம். நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக இரண்டு முறை சொன்னேன். கிடைத்துவிட்டது. திண்டுக்கல் என்றதும் தமிழுக்கு மாறினார்.

"எவ்வளவு பவர் போகிறது தம்பி?"

"ஐந்து வாட் சார். பேட்டரியில்."

"அப்படியா? நான் நூறு வாட். இருங்கள், நானும் ஐந்துக்கு இறங்கி வருகிறேன். கேட்கிறதா பாருங்கள்."

ஏதோ திருகும் சத்தம். பிறகு அதே குரல், கூடத்தில் இருந்தவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்ப் பேசுவதுபோல வந்தது. சன்னம்தான், ஆனால் ஒரு சொல்கூடத் தவறவில்லை. 13 டெசிபெல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் காதால் கேட்டேன். முன்னூறு கிலோமீட்டர் தூரம் இருக்கும். அலை கிட்டத்தட்ட செங்குத்தாக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு இறங்கியிருக்கிறது. வீட்டு மாடி உயரத்துத் தாழ்ந்த ஆன்டெனா இதற்குக் குறையே இல்லை. 40 மீட்டரில் பகலில் நம் அண்டை மாநிலங்களோடு பேச அதுவே ஏற்றது. பாண்டைத் தேர்ந்தெடுக்கும்போது புதியவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரமே பிரேசிலைப் பிடிக்க ஆசைப்பட்டால் மனம் விட்டுப்போகும். வெளியிடங்களுக்குக் கருவியை எடுத்துப்போக நினைப்பவர்கள் உரிமத்தின் நிபந்தனைகளை முதலில் படிக்கட்டும். என் கதை இந்த மொட்டை மாடிக்குள் அடங்கியது.

"ஃபைவ் ஃபைவ் தருகிறேன்," என்று என் குரலின் தெளிவுக்கும் வலிமைக்கும் மதிப்பெண் சொன்னார் அவர். "பதிவேட்டில் நேரம் என்ன எழுதினீர்கள்?"

"ஒன்பது இருபது சார்."

அந்தப் பக்கம் சற்று நேரம் ஒன்றுமில்லை. "தேர்வில் தேறியவர்தானே? உலக நேரத்தில் எழுதுங்கள் தம்பி."

ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து 03:50 என்று திருத்தினேன். பதிவேட்டின் முதல் வரியே அடித்தலோடு இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. மின்விசிறியோடு இரைச்சலும் வந்தது.