நல்லா ஓடுது, சார்

சென்னையில் பழைய கைக்கடிகாரங்களை வாங்கி, பழுது நீக்கி, மறுபடியும் விற்கும் சிறிய கடை ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பழுது பார்ப்பது என் வேலை அன்று. அதற்கு ஒரு பெரியவர் இருக்கிறார், அவரை நாங்கள் எல்லோரும் பாய் என்று அழைக்கிறோம். விற்க வருகிறவர்களிடம் பேசுவதும், வெளியூரிலிருந்து படம் அனுப்புகிறவர்கள் சொல்வதை எடைபோடுவதும், என்ன விலைக்கு வாங்கலாம் என்று முதலாளியிடம் சொல்வதும்தான் என் பொறுப்பு. இந்தப் பொறுப்பில் உட்கார்ந்தவன் நாள் முழுக்கக் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “நல்லா ஓடுது, சார்.”

ஆரம்பத்தில் அந்த வாக்கியத்தைக் கேட்டவுடன், சொல்கிறவர் நம்பத் தகுந்தவரா இல்லையா என்று அவர் முகத்தில் தேடுவேன். முகத்தைப் பார்த்துப் பயனில்லை என்று புரிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆயின. பெரும்பாலோர் பொய் சொல்வதில்லை. நொடி முள் நகர்கிறது, அவர் கண்ணுக்கு அது தெரிகிறது, அதைத்தான் அவர் சொல்கிறார். வாட்ச் ஓடுவது வேறு, அது சரியாக நேரம் காட்டுவது வேறு, இன்னும் ஐந்தாண்டு ஓடக்கூடிய நிலையில் உள்ளே இருப்பது வேறு. எண்ணெய் முழுவதும் காய்ந்து, தேய்ந்த அச்சுமுனைகள் வெறும் உலோகத்தோடு உரசிக்கொண்டிருக்கும் வாட்ச்கூட மேசைமேல் வைத்தால் மணிக்கணக்கில் ஓடும். சொந்தக்காரருக்குத் தெரிவது கண்ணாடியும் ஸ்ட்ராப்பும் முள்ளும்தான். அவர் அறிந்திராத பகுதியைப் பற்றி அவர் சொல்லும் சான்றை நான் காசு கொடுத்து வாங்குவது என் தவறே தவிர அவருடையது அன்று.

எங்கள் கடைக்கு அதிகம் வருவது எச்.எம்.டி. வாட்சுகள். 1953-இல் தொடங்கப்பட்ட அந்த அரசு நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் தொகுதியை வெளியிட்டவர் நேரு. சாவி கொடுத்து ஓட்டும் அதன் ஜனதா மாடல், தென்னிந்தியாவில் ஒரு தலைமுறைக்கே முதல் சம்பள வாட்சாகவும் கல்யாண வாட்சாகவும் இருந்தது. கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதையொட்டிய ஆண்டுகளில், பீரோவில் கிடந்த ஜனதாக்களுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. மதிப்போடு சேர்ந்து வந்ததுதான் ‘நியூ ஓல்டு ஸ்டாக்’ என்ற சொல்: அந்தக் காலத்தில் செய்து, விற்காமல் கடையிலேயே தங்கிப்போன புதுச் சரக்கு என்று பொருள்.

2017-இல் அப்படி மூன்று ஜனதாக்களை வெளிமாநிலத்திலிருந்து ஒருவரிடம் வாங்கினேன். பின்மூடியில் ஸ்டிக்கர், பிளாஸ்டிக் பெட்டி, கீறல் இல்லாத கண்ணாடி, வெள்ளை வெளேரென்ற டயல். கையில் யாரும் கட்டியதே இல்லை என்றார். நானும் படத்தைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்பிவிட்டேன். பார்சல் வந்ததும் பாய் முதல் வாட்சைக் காதருகே வைத்துக் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. பின்மூடியைத் திறந்து, மூடியின் உட்புறத்தை என் பக்கம் திருப்பி, கண்ணில் மாட்டியிருந்த லென்சைக் கழற்றி என்னிடம் நீட்டினார். உள்ளே மூன்று இடங்களில் ஊசியால் கீறிய எழுத்துகள் இருந்தன. வாட்ச் பழுது பார்ப்பவர்கள் பலருக்கும் இந்த வழக்கம் உண்டு. தங்கள் அடையாளக் குறியையும் தேதியையும் மூடியின் உள்ளே கீறி வைப்பார்கள், அதே வாட்ச் மறுபடி வந்தால் கணக்குத் தெரிய. யாரும் கட்டாத வாட்ச் மூன்று பழுதுக்காரர்களைப் பார்த்திருந்தது. மெஷினில் இருந்த திருகுகளின் தலைப் பள்ளம் ஒவ்வொன்றும் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிச் சிதைந்திருந்தது. ஸ்ட்ராப் கம்பி மாட்டும் துளைகளைச் சுற்றி, ஆண்டுக்கணக்கில் கம்பியைக் கழற்றி மாட்டியதால் விழுந்த கீறல்கள். புதிதாக இருந்தவை வெளியில் தெரியும் பாகங்கள் மட்டுமே: கண்ணாடி, சாவி (பக்கத்தில் திருகும் குமிழை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), மறுவண்ணம் பூசிய டயல், ஸ்டிக்கர்.

அந்த மூன்று வாட்சுகளால் கடைக்கு ஏற்பட்ட நட்டம் பெரிதன்று. ஆனால் அன்றிலிருந்து நான் பார்க்கும் முறை மாறியது. ஒரு வாட்சின் பாகங்கள் எல்லாம் ஒரே கையில், ஒரே வியர்வையில், ஒரே வெயிலில் சேர்ந்துதான் மூப்படைகின்றன. டயல் சற்றுப் பழுத்திருந்தால் முள்ளும் பழுத்திருக்க வேண்டும். முள்ளில் பூசிய ஒளிப்பூச்சு காவி ஏறியிருந்தால் டயலில் உள்ள புள்ளிகளும் ஏறக்குறைய அந்த நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். ஜனதாவின் உடல் பெரும்பாலும் பித்தளைமேல் குரோம் பூச்சு. சென்னை வியர்வையில் இருபது வருடம் கட்டிய கையில், அந்தப் பூச்சு முதலில் உரிவது முன்பக்கத்தில் அன்று, தோலோடு ஒட்டியிருக்கும் அடிவிளிம்பிலும் ஸ்ட்ராப்பின் இரு முனைகள் மறைக்கும் உட்பக்கத்திலும்தான். எனவே விற்பவர் அனுப்பும் பத்துப் படங்களில் அந்த உட்பக்கம் மட்டும் இல்லையென்றால், முதலில் அதைத்தான் கேட்பேன். ‘நல்ல கண்டிஷன்’ என்ற சொல்லை இப்போது நான் காதில் போட்டுக்கொள்வதில்லை என்றே சொல்லலாம். உடலுக்கு என்ன வயது, டயலுக்கு என்ன வயது, மெஷினுக்கு என்ன வயது, மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் என் கேள்வி. ஒத்துப்போனால் கீறல் விழுந்த வாட்சுக்கும் நல்ல விலை சொல்வேன். ஒத்துப்போகாத இடத்தில் எங்கோ எதையோ மாற்றியிருக்கிறார்கள்; மாற்றியது குற்றமில்லை, சொல்லாததில்தான் விலை குறைகிறது.

படம் மட்டும் பார்த்து வாங்கும்போது நான் கேட்கும் ஒரு சின்ன உதவி, சரியாக ஆறு மணிக்கு முள்ளை நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்புமாறு. வாட்ச் உண்மையிலேயே அவர் கையில் இருக்கிறது என்பதும், சாவியை இழுத்து நேரம் திருத்த முடிகிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். அதைவிட முக்கியமானது, ஆறு மணிக்கு இரண்டு முள்ளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நிமிட முள் பன்னிரண்டில் இருக்க, சின்ன முள் ஆறைத் தாண்டியோ ஆறுக்கு முன்னாலோ நின்றால், முள்ளை யாரோ கழற்றி அவசரமாகத் திரும்பக் குத்தியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். முள்ளைக் கழற்றியவர் டயலையும் கழற்றியிருக்கலாம். இந்த ஒரு படத்தைக் கேட்டவுடன் பேச்சை நிறுத்திவிட்டவர்கள் பலர். அவர்களால் எனக்கு நேரம் மிச்சம்.

‘சர்வீஸ் செய்தது’ என்பது அடுத்த சொல். இதற்கு நம் ஊரில் இரண்டு பொருள் உண்டு. மெஷினை முழுதாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கழுவி உலர்த்தி, மெயின் ஸ்பிரிங்குக்கு ஒரு மசகு, வேகமாகச் சுழலும் அச்சுகளுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகச் சுழல்பவற்றுக்குக் கெட்டியான எண்ணெய் என்று தனித்தனியாக இட்டுக் கூட்டுவது ஒன்று. பாய்க்கு அதற்கு அரை நாளாவது வேண்டும். மெஷினைப் பிரிக்காமலேயே பெட்ரோலில் அலசி, நான்கு இடங்களில் ஒரு சொட்டு விட்டுத் திரும்ப மூடுவது மற்றொன்று. டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும். இரண்டாவது வகை சர்வீஸ் முடிந்த வாட்ச் ஒரு மாதம் வரை பிரமாதமாக ஓடும். ஆகவே சர்வீஸ் செய்தீர்களா என்று நான் கேட்பதில்லை. எப்போது கொடுத்தீர்கள், எத்தனை நாள் கழித்துத் திரும்ப வந்தது, என்ன செலவாயிற்று என்று கேட்பேன். அரைமணி நேரத்தில் கையில் கொடுத்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறவர், அறியாமலேயே எனக்கு வேண்டிய பதிலைத் தந்துவிடுகிறார்.

சில ஆண்டுகளாக விவரமறிந்த விற்பனையாளர்கள் டைம்கிராஃபர் திரையைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். வாட்ச் துடிக்கும் ஓசையை மைக்கில் கேட்டு, ஒரு நாளைக்கு எத்தனை வினாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது, இருபுறமும் ஊசலாடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் ஒவ்வொரு வீச்சிலும் எத்தனை பாகை சுழல்கிறது என்று காட்டும் கருவி அது. ஜனதாவின் மெஷின் மணிக்கு 18,000 முறை, அதாவது வினாடிக்கு ஐந்து முறை துடிப்பது. முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்கப் படுக்க வைத்தால், நல்ல நிலையில் உள்ள மெஷின் 270 பாகைக்குக் குறையாமல் வீசும். நாற்பது வயதானதற்கு 240 வந்தாலே நான் குறை சொல்லமாட்டேன். 200-க்குக் கீழே போனால் பாய்க்கு வேலை காத்திருக்கிறது. படத்தில் வரும் எண் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் வாட்ச் படுத்துக்கொண்டே நாளைக் கழிப்பதில்லை. கையைத் தொங்கவிட்டு நடக்கும்போது அது செங்குத்தாக நிற்கிறது, அச்சின் பக்கவாட்டில் உராய்வு கூடுகிறது, தேய்ந்த மெஷினின் குட்டு அங்கேதான் வெளிப்படும். எனவே சாவி கீழே பார்க்க நிறுத்தி ஒரு படம், சாவி கொடுத்து ஒரு நாள் கழித்து ஒரு படம் என்று இரண்டைக் கேட்பேன். அனுப்புகிறவர்கள் குறைவு. தவிர, கருவி பாகையைக் கணக்கிடுவது ‘லிஃப்ட் ஆங்கிள்’ என்ற ஒரு கோணத்தை வைத்துத்தான், அது மெஷினுக்கு மெஷின் மாறும்; மெஷினுக்கு ஏற்ற கோணத்தைக் கருவியில் பதிந்துவிட்டுத்தான் பாகையை நம்ப வேண்டும். தவறான கோணத்தில் சோர்ந்த வாட்சும் முறுக்கேறியதுபோல் தெரியும்.

ஜப்பானின் சீகோ நிறுவனம் செய்த சீகோ ஃபைவ் வாட்சுகளில் வயதைக் கண்டுபிடிக்கும் வேலை சற்று எளிது. பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 7009 என்ற எண்ணுள்ள மெஷின் இருக்கும் வாட்சில் அது 8 என்று தொடங்கினால் 1978-ஆ 1988-ஆ என்று மற்ற அடையாளங்களை வைத்து முடிவு செய்ய வேண்டும். டயலின் அடிவிளிம்பில், லென்ஸ் இல்லாமல் படிக்கவே முடியாத சின்ன எழுத்துகளில் மெஷின் எண்ணும் டயல் எண்ணும் அச்சிட்டிருக்கும். மறுவண்ணம் பூசியவர்கள் ஆரஞ்சு, பச்சை என்று கண்ணைப் பறிக்கும் டயல்களைச் செய்தாலும் பெரும்பாலும் அந்த எழுத்தில் கோட்டைவிடுகிறார்கள். ஒன்று அது இருக்காது, அல்லது கலைந்து மங்கியிருக்கும். தண்ணீர் புகாது என்ற வாக்குறுதியை நான் பொருட்படுத்துவதே இல்லை. மூடியில் என்ன எழுதியிருந்தாலும், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் இறுகி நொறுங்கிப் பல காலம் ஆகியிருக்கும்.

இவ்வளவு கணக்கும் என்னைக் காப்பாற்றாத ஒரு நாளும் உண்டு. ஓர் ஆசிரியை தம் தந்தையின் ஜனதாவைக் கொண்டுவந்தார். அதன் டயலில் இருந்த ‘17 ஜூவல்ஸ்’ (மெஷினில் பதினேழு கல் தாங்கிகள் என்று பொருள்) என்ற எழுத்து நான் பார்த்துப் பழகியதைவிடச் சற்றுப் பருமனாக இருந்தது. “டயலுக்குப் புதுசா வண்ணம் அடிச்சிருக்காங்க, மேடம்” என்றேன். “அப்பாவைத் தவிர யாரும் இதைத் தொட்டதே இல்லைங்க” என்று சொல்லிவிட்டு, வாட்சைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து, பெட்டியும் வாங்கிய ரசீதும் சேர்ந்து வந்த இன்னொரு ஜனதாவில் அதே பருமனான எழுத்து இருந்தது. அத்தனை காலம் தயாரித்த ஒரு மாடலில் எழுத்து ஒரே அச்சில் இருந்திருக்கும் என்று நான் நினைத்தது என் அரைகுறை அறிவு. அவருடைய டயலும் முள்ளும் ஒரே மாதிரிப் பழுத்திருந்தன என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் விதியை நானே மறந்திருந்தேன். தொலைபேசி எண் வாங்கி வைக்கவில்லை.

நான் கேட்டவற்றில் மிகச் சிறந்த நிலை விவரம், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் சொன்னது. விழுப்புரம் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்தவர், வழியில் கடையைப் பார்த்து உள்ளே வந்தார். “கண்ணாடி ரெண்டு தடவை மாத்தியிருக்கேன், தம்பி. சாவி ஒரிஜினல் இல்ல, அது எப்பவோ விழுந்துபோச்சு. உள்ள என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது. பத்து வருஷமா பீரோவுல கிடக்கு. வர்றதுக்கு முன்னாடி ரெண்டு நாள் சாவி குடுத்துப் பாத்தேன், ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பிந்துது.” பாய் திறந்து பார்த்தபோது, எண்ணெய் காய்ந்து போனதைத் தவிர ஒரு குறையும் இல்லை. பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்ட தொகையைவிட இருநூறு ரூபாய் கூடப் போட்டு முதலாளி கொடுத்தார். அது இரக்கம் அன்று. ‘தெரியாது’ என்று ஒருவர் சொன்ன பிறகு, அவர் தெரியும் என்று சொன்னவற்றைச் சரிபார்க்கும் வேலை எனக்குக் குறைந்து, நேரம் மிச்சமாகிறது. அந்த மிச்சத்துக்கு ஒரு விலை உண்டு.

அதன் பிறகு எங்கள் கண்ணாடிப் பெட்டியில் விற்பனைக்கு வைக்கும் வாட்சுகளுக்கும் ஓர் அட்டை எழுதத் தொடங்கினேன். உடல், கண்ணாடி, டயல், முள், சாவி, மெஷின் என்று ஆறு வரி; ஒவ்வொன்றும் அசலா, மாற்றியதா, தெரியவில்லையா என்று எழுத வேண்டும். ‘தெரியவில்லை’ என்று எழுதினால் யார் வாங்குவார்கள் என்று முதலாளி முதலில் சலித்துக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அட்டையைப் படித்துவிட்டு வாட்சை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போகிறவர்களை வாரத்துக்கு இரண்டு பேரையாவது பார்க்கிறேன். போன வாரம் எழுதிய அட்டை ஒன்றில் ஆறில் இரண்டு வரிகள் ‘தெரியவில்லை’. நேற்று ஓர் இளைஞர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “மத்தபடி நல்லா ஓடுதா, சார்?” என்று கேட்டார். படுக்க வைத்தால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வினாடி முந்துகிறது, செங்குத்தாக நிற்க வைத்தால் இருபது வினாடி பிந்துகிறது என்றேன். நாளை வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.