குழாய்க்குள் வழவழப்பு

கொழிஞ்சாம்பாறை வீட்டில் பிளம்பர் அண்ணன் பழைய போர்வெல் குழாயை அறுத்துப் போட்டார். உள்ளே விரலை விட்டால் வழவழவென்று பழுப்பாக ஒரு படலம்.

"பாசிதான் பாப்பா" என்றார்.

வெளிச்சமே படாத குழாய்க்குள் பாசி எப்படி வளரும்?

இது பாக்டீரியா கட்டிய குடியிருப்பு. மிதந்து வருபவை சுவரில் ஒட்டும். அப்புறம் சர்க்கரையும் புரதமும் கலந்த பசையைச் சுரந்து அதற்குள்ளேயே பெருகும். குளோரின் ஊற்றினால் மேலே இருப்பவை சாகும், அடியில் இருப்பவை பெரும்பாலும் தப்பிவிடும். அதனால் முதலில் தேய்ப்பு, பிறகுதான் மருந்து.

இந்தப் படலத்தை லேபில் 96 சின்னக் குழிகள் உள்ள தட்டில் வளர்த்து, கழுவி, கிரிஸ்டல் வயலெட் என்ற ஊதாச் சாயம் ஊற்றுவோம். ஒட்டியிருப்பது ஊதாவாக நிற்கும். ஆனால் செத்த செல்லும் வெறும் பசையும்கூட அதே ஊதாதான்! உயிரோடு எத்தனை என்று அந்த நிறம் சொல்லாது. இதைக் கண்டுகொள்ளாமல் முடிவு எழுதும் ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

பாக்டீரியாவை முதன்முதலில் பார்த்த டச்சுக்காரர் லேவன்ஹுக் அந்தக் காலத்திலேயே கவனமான ஆள். காடியில் (வினிகர்) வாய் கொப்பளித்துவிட்டுத் தன் பல் அழுக்கைச் சுரண்டி லென்ஸில் பார்த்தார். உள்ளே இருந்தவை உயிரோடு துள்ளின. காடி வெளிப்புறத்தில் இருந்தவற்றைத்தான் கொன்றிருக்கிறது என்று எழுதினார். அது அச்சானது 1684-இல்.