பின்பக்க ரூம் இருக்கானு கேளுங்க

சிட்டி முடியுற எடத்துல பைபாஸ் ஓரமா இருக்குமே சின்ன ஹோட்டல், மூணு மாடி, மொத்தமே ஒரு இருபது ரூம், ரிசப்ஷன்ல ஒரே ஒருத்தர், அவரே தான் சாவி குடுப்பாரு அவரே தான் பெட்ஷீட்டும் எடுத்துட்டு வருவாரு, அந்த மாதிரி எடத்துல தங்குறது எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாடகை கம்மி, வண்டி நிறுத்த எடம் இருக்கும், காலைல டிராபிக் ஆரம்பிக்கிறதுக்குள்ள கிளம்பி ரோட்டப் பிடிச்சிரலாம், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது தான். எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. அங்க ஒரு குறைன்னா அத சரி பண்ணக்கூடிய ஆள் நம்ம கண்ணு முன்னாடியே நிப்பாரு. எந்த ரூம்ல பேன் கடகடன்னு ஆடும், எந்த பாத்ரூம்ல தண்ணி மெதுவா வரும், எந்த கதவ ரெண்டு தடவ இழுத்தா தான் பூட்டும், எல்லாமே அவருக்கு மனப்பாடம். நாம வாயத் தொறந்து கேட்டா சொல்லிருவாரு. நெறைய பேர் கேக்குறதே இல்ல, குடுத்த ரூம்ல போய் படுத்து ராத்திரி பூரா பொரண்டுட்டு காலைல ஒரு ஸ்டார் போட்டுட்டுப் போயிருவாங்க, அதப் பாக்குறப்ப எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது.

இந்த மாதிரி எடங்கள்ல முக்கியமான பிரச்சனையே சத்தம் தான். சாயங்காலம் போய் பாக்கும்போது அமைதியா தான் இருக்கும், அத நம்பிரக் கூடாது. நெறைய சிட்டில பகல்ல லாரிய உள்ள விடமாட்டாங்க, அதனால லோடு வண்டி எல்லாம் ராத்திரி தான் நகரும், அதுவும் இந்த வெளிவட்ட ரோடு வழியா தான் போகும். ஊரே தூங்குற நேரத்துல தான் இங்க கூட்டம் ஆரம்பிக்கும். அது போக இன்னொன்னு இருக்கு, பகல்ல தரை சூடா இருக்கும், மேல போகப் போக காத்து குளிரும், அப்ப சத்தம் மேல்பக்கமா வளைஞ்சு போயிரும். ராத்திரி வானம் தெளிவா காத்து இல்லாம இருந்தா இது அப்படியே தலைகீழா மாறும், தரை சீக்கிரம் குளிர்ந்துரும், மேல இருக்கிற காத்து கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கும், சத்தம் கீழ்ப்பக்கமா வளைஞ்சு வரும். அதனால தான் தூரத்துல போற லாரி ஹாரன் கூட ராத்திரில பக்கத்துல அடிக்கிற மாதிரி கேக்குது. சும்மா நம்ம மனபிரமைன்னு நெனச்சுக்காதீங்க.

உலக சுகாதார நிறுவனம் 2018ல ஐரோப்பாவுக்குன்னு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டாங்க, அதுல ராத்திரில ரோட்டு சத்தம் சராசரியா 45 டெசிபலுக்குக் கீழ இருக்கணும்னு சொல்லிருக்காங்க, அதுக்கு மேல போனா தூக்கம் கெடும்னு. பெரிய ரோட்டப் பாத்த ஜன்னல்ல இதெல்லாம் நடக்கிற காரியமே இல்ல. ரோட்டுல இருந்து தள்ளிப் போனாலும் பெருசா குறையாது, தொடர்ச்சியா வண்டி ஓடுற ரோடுன்னா தூரம் ரெண்டு மடங்கு ஆனா கூட 3 டெசிபல் தான் கொறையும். ஆனா நடுவுல ஒரு முழு கட்டடமே மறைச்சு நின்னா கதையே வேற, 10 டெசிபலோ அதுக்கு மேலயோ கொறையும், 10 கொறைஞ்சாலே காதுக்குப் பாதி சத்தமா தெரியும். அதான் நான் எப்பவும் கேக்குறது ஒண்ணே ஒண்ணு: பின்பக்க ரூம் இருக்கா?

ஒரு தடவ ராத்திரி ரொம்ப லேட்டா போய் எறங்குனேன். ரிசப்ஷன்ல இருந்த தம்பி பெஞ்சுல படுத்திருந்தவரு எந்திரிச்சு, கண்ணக் கசக்கிட்டே லெட்ஜர எடுத்தாரு. பின்பக்க ரூம் கேட்டதும் ஒரு மாதிரி தயங்குனாரு. "சார், இருக்கு சார், ஆனா ஜன்னலத் தொறந்தா பக்கத்து சுவர் தான் தெரியும், வியூ ஒண்ணும் இருக்காது, யாரும் கேக்க மாட்டாங்க." "சுவர் போதும் தம்பி, தூங்கணும்"னேன். அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. கூடவே மேல வந்து ஜன்னல் கண்ணாடிய ஒரு தட்டு தட்டிப் பாத்தாரு, லூசா இருந்துச்சு, பழைய பில் பேப்பர் ஒண்ண நாலா மடிச்சு பிரேம் இடுக்குல சொருகுனாரு, திரும்பத் தட்டுனாரு, ஆடல. "இப்ப சத்தம் வராது சார்"னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு. லாரி போறப்ப ஜன்னல் அதிராம இருந்ததே பெரிய விஷயம், அன்னிக்கு நல்லாத் தூங்குனேன். இதுக்கெல்லாம் எந்த புக்கிங் ஆப்லயும் ஒரு பட்டன் கெடையாது.

புது எடத்துல மொத ராத்திரி தூக்கம் சரியா வராதது இயற்கை தான், அதுக்கு ஹோட்டல மட்டும் குத்தம் சொல்ல முடியாது. 2016ல அமெரிக்காவுல பிரவுன் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் பாத்ததுல, மொத ராத்திரி மூளையோட எடது பக்கத்துல ஒரு பகுதி வலது பக்கம் அளவுக்கு ஆழமா தூங்காம காவல் காக்குற மாதிரி இருக்கு, சின்ன சத்தத்துக்கும் முழிச்சுக்குது. அதனால அன்னிக்கு ஒரு நாள் சத்தம் கொறஞ்ச எடமா பாத்துக்கிட்டா உடம்புக்கு ரொம்ப உதவி.

மத்ததெல்லாம் பெட்டிய வைக்கிறதுக்கு முன்னாடி பாத்துக்கலாம். மெத்த ஓரத்துத் தையலத் தூக்கிப் பாருங்க, பேனாவால குத்துன மாதிரி கருப்புப் புள்ளி நெறைய இருந்தா மூட்டப்பூச்சி இருக்குன்னு அர்த்தம், வேற ரூம் கேளுங்க, ஆனா ஒட்டி இருக்கிற பக்கத்து ரூம் வேண்டாம்னு சொல்லிருங்க, அது சுவத்து வெடிப்பு வழியா எல்லாம் நடந்து போகும். வளர்ந்த பூச்சியே 5 மில்லிமீட்டர் தான், சாப்பாடு இல்லாம மாசக்கணக்குல உயிரோட இருக்கும், அதனால ரூம் ரொம்ப நாளா பூட்டிக் கெடந்துச்சுன்னு சொன்னாலும் அத வச்சு நிம்மதி ஆயிறாதீங்க. பெட்டிய கட்டில் மேலயோ தரையிலயோ வைக்காம மேசை மேல வைக்கிறது நல்லது.

சுடுதண்ணி வரலன்னு சண்ட போடுறவங்களையும் பாத்திருக்கேன், பாவமா இருக்கும். 15 லிட்டர் கீசர், 2 கிலோவாட்டுன்னு வச்சுக்கோங்க, பச்சத் தண்ணி குளிக்கிற சூட்டுக்கு மேல நல்லா சூடா வர கிட்டத்தட்ட 20 நிமிஷம் ஆகும், கணக்குப் போட்டாலே வரும். சுவிட்ச்சப் போட்டுட்டு பல்லு வெளக்குங்க, பெட்டி அடுக்குங்க, வந்துரும். குளிக்கிறதுக்கு முன்னாடி சுவிட்ச்ச ஆப் பண்ணிட்டுப் போறது பாதுகாப்பு.

மாடிப்படி எங்க இருக்கு, ரூம்ல இருந்து எத்தன கதவு தள்ளின்னு எண்ணி வச்சுக்கோங்க, புகை வந்தா கண்ணு தெரியாது, கைய சுவத்துல வச்சுட்டே போகணும், லிப்ட் பக்கம் போகவே கூடாது. ஜன்னலுக்கு கம்பி போட்டிருந்தா இது இன்னும் முக்கியம். படிக்கட்டுல பழைய மெத்த, சேர்னு அடைச்சு வச்சிருந்தா ரிசப்ஷன்ல மொகத்துக்கு நேரா சொல்லுங்க. தயங்காதீங்க, அந்த ராத்திரி அந்தக் கட்டடத்துல தூங்குற எல்லாருக்கும் அது உதவி.

புக்கிங் பத்தி ஒண்ணு. ஆப்ல விலைய பாத்துட்டு நேரா ஹோட்டலுக்கே ஒரு போன் போடுங்க. ஆப்காரங்க வாடகைல ஒரு பங்க கமிஷனா எடுப்பாங்க, பல எடத்துல 15 சதவீதத்துக்கு மேலயே போகும், இருபது ரூம் வச்சிருக்கிறவருக்கு அது பெரிய காசு. நேரா பேசுனா விலையும் கொஞ்சம் கொறைப்பாரு, நீங்க கேட்ட ரூமையும் எடுத்து வைப்பாரு, ராத்திரி எத்தன மணிக்கு வருவீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டா வாசல் கேட்டப் பூட்டாம இருப்பாங்க. போன எடுக்கிறவரு பேசுற விதத்துலயே அந்த எடம் எப்படினு பாதி தெரிஞ்சிரும், எரிஞ்சு விழுந்தா நான் அடுத்த எடத்துக்குப் போயிருவேன்.

கிளம்புனதுக்கு அப்புறம் ரிவ்யூ எழுதுனா "நல்ல ஹோட்டல்", "மோசம்"னு மொட்டையா எழுதாம ரூம் நம்பரப் போடுங்க. எத்தனாவது மாடி, ரோட்டப் பாத்த ஜன்னலா பின்பக்கமா, ராத்திரி லாரி சத்தம் எப்படி இருந்துச்சு, பாத்ரூம்ல தண்ணி எப்படி வந்துச்சு, இத எழுதுனா அடுத்து வர்றவரு போன் போட்டு அந்த ரூமையே கேட்டு வாங்கிப்பாரு. ராத்திரி டூட்டில இருந்தவரு நல்லா பாத்துக்கிட்டாருன்னா அதையும் ஒரு வரி சேத்துருங்க, ஓனர்மாருங்க அத உக்காந்து படிக்கிறாங்க.